கம்ப்யூட்டரைக் காதால் பார்த்தவள்

எஸ்.பி. ரோட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வருகிறவர்கள் அதைக் கண்ணால் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள், நாலு கடை ஏறி இறங்கிப் பேரம் பேசுவார்கள். அதன்மேல் காதை வைத்துப் பார்த்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைக்காரர் மஞ்சுநாத் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கூட வந்த என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸோ என்னைத் தெரியாதவர் போலத் திரும்பி நின்று எதிர்க் கடை போர்டைப் படித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கூடக் குடித்தனம் பண்ணின மனிதர்! சரி, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஏன் காதை வைத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் மஞ்சுநாத் மாதிரிதான் பார்ப்பீர்கள்.

நான் கோரஸ் பாடுகிறவள். ஹெலன் என்று பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. சீரியல் பாட்டு, சாமி பாட்டு, விளம்பரப் பாட்டு எதுவானாலும் பாடகிக்குப் பின்னால் நாலு பெண்கள் ‘ஆ’ என்று இழுப்பார்களே, அதில் இரண்டாவதாக நிற்பவள் நான். கோலார் தங்கவயலில் சர்ச் கொயரில் ஆரம்பித்தது. கல்யாணமாகி ஆஸ்டின் டவுனுக்கு வந்த பிறகும் விடவில்லை. கோரஸில் ஒரே சட்டம்தான்: நம் குரல் தனியாகக் கேட்கக் கூடாது. பக்கத்தில் நிற்கிறவளின் குரலுக்குள் போய்க் கலந்துவிட வேண்டும். அதற்காகவே கோரஸ்காரிகள் ஹெட்ஃபோனை ஒரு காதில் மட்டும் போடுவோம். ஒரு காது மியூசிக்குக்கு, திறந்த காது பக்கத்து ஆளுக்கு.

என் பக்கத்து ஆள் யசோதா. அவள் ஒரு நூல் ஏறினால் நானும் ஒரு நூல் ஏறுவேன், அவள் இறங்கினால் நானும் இறங்குவேன். யோசித்துச் செய்வதில்லை, அதுவாகவே நடக்கும். எங்கள் குரலைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்பதில் எங்கள் இரண்டு பேருக்குமே பெருமை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் கிஷோர் போன் பண்ணினார். சீரியல்களுக்கு மியூசிக் போடுகிறவர். கன்னடக்காரர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், தமிழில் நன்றாகவே பேசுவார்.

“அக்கா, புது சீரியலுக்கு டைட்டில் சாங். நீங்க பாடணும்.”

“பாடிட்டா போச்சு. இன்னும் யார் யார் வராங்க?”

“யாரும் இல்ல அக்கா. நீங்க மட்டும்தான். சோலோ.”

அடுப்பில் ரசம் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

மல்லேஸ்வரத்தில் கிஷோர் வைத்திருந்த ஸ்டூடியோ இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அவர் தன் வீட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறார். பாடுகிறவர்கள் அவரவர் வீட்டிலேயே பாடி ஃபைலை அனுப்பிவிட வேண்டும். ஒரு மைக்கையும், அதைக் கம்ப்யூட்டரோடு சேர்க்கிற சின்னப் பெட்டி ஒன்றையும் கொடுத்தனுப்பினார். “கம்ப்யூட்டர் மட்டும் நீங்க பாத்துக்கோங்க” என்றார்.

பார்த்துக்கொள்ள என் வீட்டுக்காரரைவிட வேறு ஆள் வேண்டுமா? ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கரண்டில் ஓடுவது எதுவானாலும் அவருக்குத் தெரியாதது கிடையாது, அதாவது அவர் கணக்கில். கம்பெனியில் பழைய மிஷின்களைக் கழித்துக்கொண்டிருந்தார்களாம். அதில் ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் கறுப்புக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைப் பொறுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“உள்ள எட்டு கோர் இருக்குது, தெரிமா? ராக்கெட்டு விட்ற ஆபீஸ்ல வெச்சாக்கூட ஓடும்!”

“நான் ராக்கெட்டு விடலையே, பாட்டுதான பாடப் போறேன்” என்றேன். காதில் வாங்கவே இல்லை.

படுக்கையறையில் மெத்தையை நிமிர்த்திச் சுவரோரம் நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, கட்டிலோரம் மைக்கை வைத்துப் பாடினேன். வீட்டில் வேறு இடமில்லாததால் அந்தக் கறுப்புப் பெட்டி என் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது. பாடி முடித்ததும் எனக்கே பிடித்திருந்தது. அனுப்பினேன்.

கிஷோர் கூப்பிட்டார். “பல்லவி சூப்பர் அக்கா. முதல் சரணம் சூப்பர். ரெண்டாவது சரணத்துல சுருதி ஸ்வல்ப மேல போகுது. இன்னொரு தடவ பாடி அனுப்பறீங்களா?”

இன்னொரு தடவை அனுப்பினேன். அதே இடத்தில் அதே தப்பு. மறுபடி ஒரு தடவை, மறுபடியும் அதேதான். இந்த முறை கிஷோர் தொண்டையைச் செருமினார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சேனல்காரங்களும் கேட்டாங்க. ‘வயசான சிங்கரா’ன்னு கேக்கறாங்க. கம்ப்யூட்டர்ல இழுத்து சரி பண்ணலாம், ஆனா முழுப் பாட்டும் உங்க குரல்தான். இழுத்தா உயிர் போயிடும். சனிக்கிழமைக்குள்ள சரியா வரலேன்னா, வேற யாரையாவது...”

“புரியுது தம்பி” என்று போனை வைத்தேன்.

எனக்கு வந்த கோபத்தில் சாமான்களெல்லாம் தடதடவென்று கழுவி முடிந்தது. அப்புறம் கோபம் போய் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பாட்டுப் போனால் போகட்டும். காது போய்விட்டதா? கோரஸ்காரிக்குக் குரல்கூடப் பெரிசில்லை, காதுதான் முதல். சுருதி ஏறுவதுகூடத் தெரியாமல் பாடியிருக்கிறேன் என்றால் சோலோ மட்டுமில்லை, இனிமேல் கோரஸுக்கும் யார் கூப்பிடுவார்கள்? பாடாமல் ஒரு நாள் நான் எப்படி இருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்கவே முடியவில்லை.

யசோதாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“ஏன்டி, வயசானா சுருதி எறங்கும். எனக்குத் தெரிஞ்சு எல்லாருக்கும் எறங்கித்தான் இருக்குது. உனக்கு இன்னாடி ஏறுது?”

“அதான் எனக்கும் புரியல.”

“நீ எல்லாத்துலயும் ஏறுக்குமாறுதான்!” என்று சிரித்தாள்.

அவள் கேலிக்குச் சொன்னது என் தலைக்குள் ஏறிக் குடைய ஆரம்பித்தது. வயதானால் இறங்க வேண்டியது எனக்கு ஏன் ஏறுகிறது? அதுவும் ஏன் இரண்டாவது சரணத்தில் மட்டும்? தொண்டை களைத்திருந்தால் அங்கே இறங்கத்தானே வேண்டும்? என் பாட்டை நானே மறுபடி போட்டுக் கேட்டேன். என் குரலைக் கேட்காமல், குரலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

பின்னால் ஏதோ ஒன்று ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டிருந்தது.

ஃபிரிட்ஜ் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எங்கள் ஃபிரிட்ஜ் என்ன சுருதியில் பேசும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை. பல்லவியில் தணிவாக இருந்தது. சரணம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. நான் பாடாமல், மைக்கை மட்டும் திறந்து வைத்து, மியூசிக்கை ஓட விட்டுவிட்டுக் கறுப்புப் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பெட்டி முதலில் சாதுவாக இருந்தது. வேலை ஏற ஏறச் சூடாகி, உள்ளே இருக்கிற ஃபேன் வேகம் பிடித்தது. வேகம் கூடக்கூட அதன் சுருதியும் மெல்ல மெல்ல ஏறியது. அடப் பாவி! என் திறந்த காதுப் பக்கத்தில் நின்றுகொண்டு இதுதான் இழுத்திருக்கிறது. நானும் யசோதாவுக்குப் பதிலாக ஒரு டப்பாவோடு ஜோடி சேர்ந்து பாடியிருக்கிறேன்.

சாயங்காலம் ஆம்ப்ரோஸ் வந்ததும் வாசலிலேயே பிடித்து நிறுத்திச் சொன்னேன். மனிதருக்கு மூஞ்சி சுண்டிப்போயிற்று.

“சுருதி விட்டது நீ. பழி மிஷின் மேலயா?”

“சூடானா ஃபேன் வேகமா சுத்துமா சுத்தாதா? அத்த மட்டும் சொல்லுங்க.”

“சுத்தும். அதுக்கு இன்னா? ரெண்டு காதுலயும் ஹெட்ஃபோன மாட்டிகினு பாடு. ஃபேனும் கேக்காது ஒண்ணும் கேக்காது.”

அதையும் பண்ணிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது. கத்தினேன், முதல் வரியே கோணிற்று. ஒரு காதையாவது திறந்து வைத்துப் பாடியே பழகின கட்டை, இனிமேல் மாறாது.

அப்போது ஆம்ப்ரோஸ் கேட்டார், “சரி, மிஷின் சத்தமே இல்லாத எடத்துல பாடியும் சுருதி ஏறிச்சின்னா?”

ஏறினால் போனது என் காது என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ளாமலும் இருக்க முடியவில்லை. “எஸ்.பி. ரோடு போலாம்” என்றேன். இப்படித்தான் நான் அந்தக் கடையில் காதை வைத்தது.

எஸ்.பி. ரோட்டில் எதைக் கேட்க முடியும்? ஆட்டோ, லோடு வண்டி, ஆளுக்கு ஆள் கூவல். மஞ்சுநாத், “இன்னா பாக்கறீங்க மேடம்? ரேம்மா? ஸ்கிரீனா?” என்றார்.

“சத்தம் பாக்கறேன்.”

“ஸ்பீக்கர் தனியா வாங்கணும் மேடம்.”

“ஸ்பீக்கர் இல்லீங்க. மிஷின் தானா போட்ற சத்தம்.”

“ஆன் பண்ணி சும்மா வெச்சா எதுவும் சத்தம் போடாது மேடம்.”

“சும்மா இருக்கறப்ப எல்லாருமே நல்லவங்கதான். வேல குடுத்துப் பாக்கணும்” என்றேன்.

மஞ்சுநாத் சிரித்துவிட்டார். பாட்டுப் பாடுவதற்கா என்று கேட்டார். என் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். ஃபேனோடு சேர்ந்து சுருதி ஏறின இடம் வந்ததும் அவர் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டார். “நெஜமாவா மேடம்? பதினெட்டு வருஷமா கடை வெச்சிருக்கேன், இப்படி ஒண்ணு கேட்டதே இல்ல” என்று எழுந்து, கடைக்கு மேலே இருந்த மச்சுக்கு எங்களை ஏற்றிவிட்டார். சரக்கு வந்த அட்டைப் பெட்டிகளும் தெர்மோகோலும் கூரை வரைக்கும் அடைத்துக் கிடந்தன. கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் அடங்கிவிட்டது. கிஷோரின் பழைய ஸ்டூடியோகூட இவ்வளவு அமைதி இல்லை.

மிஷின்களை ஒவ்வொன்றாக அவரே தூக்கிக்கொண்டு வந்தார். முதலில் வந்தது கண்ணாடிப் பெட்டி. உள்ளே பச்சை, சிவப்பு, நீலம் என்று விளக்குகள் ஓடின. ஆம்ப்ரோஸ் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார், அங்கே நான்தான் உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியும். மஞ்சுநாத் கனமான வேலை ஏதோ கொடுத்து ஓட விட்டார். கண்ணை மூடிக் கேட்டேன். மூன்று ஃபேன், மூன்றும் மூன்று சுருதி.

“வேணாங்க. இதுங்களுக்குள்ளயே ஒத்துமை இல்ல.”

“எனக்கு ஒரே சத்தமாத்தான கேக்குது?” என்று மஞ்சுநாத்தும் காதைக் கொண்டுபோனார். ஒவ்வொரு ஃபேனின் சுருதியையும் நான் முனகிக் காட்டினேன். ஒரு ஃபேனை விரலால் மெல்ல அமர்த்தி, அது நின்றதும் மற்றவற்றைக் கேட்டு, “அய்யோ, ஆமா!” என்றார். அவருக்கும் ஆசை பிடித்துவிட்டது. அடுத்ததாக வந்தது தடியான லேப்டாப். ஆரம்பத்தில் மூச்சே விடவில்லை. நன்றாக இருக்கிறதே என்று நினைத்து முடிப்பதற்குள் மிக்ஸி மாதிரி எடுத்தது பாருங்கள், ஆம்ப்ரோஸே ஒரு அடி பின்னால் போனார்.

அப்புறம் ஒரு மெல்லிய லேப்டாப்பைக் கொண்டுவந்து அட்டைப் பெட்டி மேல் வைத்தார். நான் காதை வைத்துக் காத்திருந்தேன்.

“ஆன் பண்ணுங்க” என்றேன்.

“அப்பவே ஆன் பண்ணி வேலை குடுத்துட்டேன் மேடம்.”

கையை வைத்துப் பார்த்தேன். அடியில் வெதுவெதுவென்று இருந்தது. காதை நன்றாக அழுத்தினேன். ஒன்றுமே இல்லை.

“இதுல ஃபேனே கெடையாது” என்றார் மஞ்சுநாத்.

“ஃபேன் இல்லாத மிஷினா?” என்று ஆம்ப்ரோஸ் பாய்ந்தார். “சூடானா இன்னா பண்ணும்? வெடிக்குமா?”

“வெடிக்காது சார். தன் வேகத்தக் கொறச்சிக்கும். பெரிய ஆர்கெஸ்ட்ரா எல்லாம் போட்டா தெணறும். ஒரு மியூசிக், ஒரு குரல்னா தாராளம்.”

“எத்தினி கோர்?” என்றார் ஆம்ப்ரோஸ். மஞ்சுநாத் சொன்ன எண் அவருக்குத் திருப்தியாக இல்லை. கண்ணாடிப் பெட்டியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “ஹெலன், இது தட்டு மாதிரி இருக்குது. ஊர்ல யார்னா வந்து பாத்தா ஸ்டூடியோன்னு சொல்லுவாங்களா?”

“பாக்க வரவங்களுக்குக் காபி குடுத்து அனுப்பிடலாம். எனக்கு இதுதான் வேணும்.”

வாங்கினோம். மஞ்சுநாத் வாசல் வரைக்கும் வந்து, பாட்டு வந்தால் சொல்லச் சொன்னார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இனிமேல் பழி போட ஒன்றுமே இல்லை. சுருதி ஏறினால் அது நான்தான். ஆம்ப்ரோஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சீட்டில் நெருங்கி உட்கார்ந்து, பையைத் தான் வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு கேலிகூடப் பேசவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் அவர் லீவு போட்டார். தெருப் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போன பிறகு ஃபிரிட்ஜை அணைத்தார், கறுப்புப் பெட்டியின் ஒயரைத் தானே பிடுங்கினார், தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டாம் என்று மாடி வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அப்புறம் தெருவில் போய் நின்றுகொண்டார். கீரைக்காரரையும் பழைய பேப்பர்காரரையும் அவர் கும்பிட்டு ஓரம் கட்டுவது ஜன்னல் இடுக்கில் தெரிந்தது.

ஒரு காதில் ஹெட்ஃபோன். மியூசிக் வந்தது. வாயைத் திறந்தேன்.

திறந்த காதில் யாரும் இல்லை. யசோதா இல்லை, டப்பாவும் இல்லை. இருட்டில் படி இருக்கிறது என்று காலை வைத்து, இல்லாமல் போன மாதிரி தடுமாறினேன். முதல் வரியே உடைந்தது. நிறுத்தினேன். மறுபடி போட்டேன், மறுபடியும் நிறுத்தினேன். போச்சு, காதுதான் போயிருக்கிறது என்று நினைத்தேன். கர்த்தரே, இதைக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவு பாடுபட்டேனா?

மூன்றாவது தடவை, எது நடந்தாலும் நிறுத்துவதில்லை என்று பாடினேன். அப்போது அந்தத் திறந்த காதில் ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் கனத்த குரல், ஓரத்தில் லேசாகக் கரகரப்பு. மெத்தையைத் தாண்டி எதிர்ச் சுவரில் பட்டு வந்தது. யார் இது என்று ஒரு கணம் நிஜமாகவே தெரியவில்லை. அது நான். எத்தனையோ பாட்டுப் பாடியிருக்கிறேன், அந்தக் காதுக்கு என் குரல் கேட்டதே இல்லை, யசோதாதான் கேட்டிருக்கிறாள். எதிர்ச் சுவரிலிருந்து பாடுகிற இவள் இந்த வளைவை எப்படித் திருப்பப் போகிறாள், இந்த மூச்சு இவளுக்குப் போதுமா என்று பார்த்துக்கொண்டே அவள் கூடவே போனேன். இரண்டாவது சரணம் வந்ததும் போனதும் தெரியவில்லை.

போட்டுக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அப்படியே கிஷோருக்கு அனுப்பிவிட்டேன். ஆம்ப்ரோஸ் உள்ளே வந்து காபி போட்டார். சர்க்கரை போட மறந்துவிட்டார். நானும் சொல்லாமல் குடித்தேன்.

சாயங்காலம்தான் போன் அடித்தது.

“அக்கா,” என்றார் கிஷோர், “நீங்கதான பாடினது?”

“ஏன் தம்பி, என்ன ஆச்சு?”

“சுருதி அப்படியே நிக்குது அக்கா. கடைசி வரைக்கும். ஒரு எடத்துலகூட நான் கை வைக்கல. சேனலுக்கும் அனுப்பிட்டேன், ஓகேயும் சொல்லிட்டாங்க.”

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். காது போகவில்லை. என் காது என்னிடம்தான் இருக்கிறது. அதற்கு மேல் அவர் சொன்னதெல்லாம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. பல்லவிக்குப் பின்னால் கோரஸ் வைத்தால் நன்றாக இருக்கும் என்று சேனலில் ஆசைப்படுகிறார்களாம். ஒரு ஸ்டூடியோவை வாடகைக்குப் பேசிவிட்டாராம். வழக்கமான ஆட்களையே கூப்பிடப் போகிறாராம்.

“ஒண்ணு மட்டும் நீங்க சொல்லணும் அக்கா. மெயின் குரல் உங்களோடது, அதே குரல் கோரஸ்லயும் வரக் கூடாது. யசோதா அக்கா பக்கத்துல யாரை நிறுத்தறது?”

“நான்தா...” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

“அக்கா?”

“யோசிச்சி சொல்றேன் தம்பி” என்று போனை வைத்தேன். வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆம்ப்ரோஸ் டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“இன்னா ஹெலன்? வேணான்ட்டாங்களா?”

“எடுத்துகினாங்க.”

“அப்பால எதுக்கு அழுவுற?”

“யசோதா பக்கத்துல வேற ஆள் நிக்கப் போவுதுங்க” என்றேன்.